சைபருக்குக் கீழே

“ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளையள் உள்ளுக்கு இருக்கினமோ?”

வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் பரமலிங்கம், பிள்ளைமடுவத்து வாசலில் குனிந்து நின்று கேட்டார். ஸ்டேசனிலிருந்து தபால் பையோடு அப்போதுதான் திரும்பியிருந்த ஆபீஸ் காவல்காரர் செல்லசாமி, கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஒரு புள்ளயும் இல்லீங்கய்யா. ஆயாவையும் காணோம். சேலைத் தொட்டில்தாங்க தொங்குது.”

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. போன மாதம் மூலையில் தூங்கிப்போன ஒரு குழந்தையைக் கவனிக்காமல் பூட்டிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அழுகைச் சத்தம் கேட்டது. அதன் பிறகு தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பிலிருந்து ஓர் எண் பெட்டி வரவழைத்து வாசலில் பொருத்தியிருந்தார். நான்கு இலக்கம். பிள்ளை உள்ளே வந்தால் கைப்பிடியை முன்னால் ஒரு சுற்று. வெளியே போனால் பின்னால் ஒரு சுற்று. மாலையில் நான்கும் சைபராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆறு மணிக்குள் துரைக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

இன்று பெட்டி 9998 என்று காட்டிக்கொண்டிருந்தது.

“பொட்டி கெட்டுப்போச்சுங்கய்யா. அம்புட்டுதான்.”

பரமலிங்கத்துக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. காலையில் அவரே வந்து பார்த்தபோது சரியாக நாற்பத்தொன்று காட்டியதே! கைப்பிடியைப் பிடித்து முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். 9999. இன்னொரு சுற்று. நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் புரண்டு 0000 என்று நின்றன.

“அட!” அவர் முகம் மலர்ந்தது. மறுபடி பின்னால் இரண்டு சுற்று. 9998.

“பெட்டி பழுதாகேல்லை, செல்லசாமி. சைபருக்குக் கீழை இறங்கினால் கழித்தல் எண்டு காட்ட அதுக்கு ஒரு அடையாளமும் இல்லை. அதாலை உச்சிக்குப் போய் அங்கையிருந்து இறங்குது. இது ஒன்பதாயிரம் இல்லை. சைபருக்கு ரெண்டு குறைவு.”

“அப்படின்னா?”

“நாற்பத்தொரு பிள்ளை வந்து, நாற்பத்துமூண்டு பிள்ளை போயிருக்கு.”

செல்லசாமி சிரித்துவிட்டார். “வராத புள்ள எப்படிங்கய்யா போகும்?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்.” பரமலிங்கம் மோவாயைத் தடவினார். “வரேக்கை சுத்தாமல், போகேக்கை மட்டும் சுத்தியிருக்க வேணும். ஆரோ ரெண்டு பிள்ளையைக் களவா உள்ளுக்கு விட்டிருக்கினம்.”

சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. மாயாண்டி. துரையோடு வாக்குவாதப்பட்டதற்காக மூன்று வாரத்துக்கு முன் பெயர் வெட்டப்பட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவரும் மனைவியும் இப்போது ரோட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பெயர் வெட்டியவர்களின் பிள்ளைகளை மடுவத்தில் சேர்க்கக் கூடாது, பால் ஊற்றக் கூடாது என்பது துரையின் உத்தரவு.

“ஆயா அம்மாக்கண்ணுக்கு எளகின மனசுங்கய்யா,” என்றார் செல்லசாமி மெல்ல. “பசியில நிக்கிற புள்ளைங்களப் பாத்தா தாங்காது. நீங்க எழுதினீங்கன்னா அதுக்கு வேலையும் போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். புருசன் இல்லாத பொம்பளைங்க.”

“எழுதாட்டி என்ரை வேலை போகும்.”

பரமலிங்கம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார். பெட்டி கெட்டுப்போயிற்று என்றே நம்பிவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

அப்போது அம்மாக்கண்ணு மூச்சிரைக்க மேடேறி வந்தாள். சேலை முந்தானை நனைந்திருந்தது.

“செல்லசாமி அண்ணே, ஒங்களை எங்கெல்லாம் தேடுறது...”

“அதைப் பிறகு கதைக்கலாம்,” என்று குறுக்கே புகுந்தார் பரமலிங்கம். “உண்மையைச் சொல்லும், அம்மாக்கண்ணு. காலமை எத்தினை பிள்ளையள் வந்தது?”

“நாப்பத்தொண்ணுங்க.”

“போனது?”

“நாப்பத்துமூணுங்க.” கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள். “ஒண்ணு விடாமச் சுத்தினேங்க.”

“அந்த ரெண்டும் மாயாண்டியின்ரை பிள்ளையளோ?”

“ஐயய்யோ, இல்லவே இல்லீங்க! அதுங்க இந்தப் படியே ஏறலீங்க.”

“அப்ப, உள்ளுக்கு வராத பிள்ளையள் என்னண்டு வெளியிலை போகும்?”

“மூணு மணிக்கு மூத்தவனைப் பாக்க வந்த வீரம்மாவுக்கு இங்கயே வலி எடுத்துருச்சுங்க. மருத்துவச்சி வாரதுக்குள்ள ரெண்டும் பொறந்துருச்சு. நான்தான் தூக்கிட்டுப் போயி லயத்துல விட்டுட்டு வாரேன். புள்ள வெளிய போனா பின்னால சுத்தணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!”

பரமலிங்கம் வாய்விட்டுச் சிரித்தபடி செல்லசாமி பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. லயத்துக்குப் போகும் சரிவில் அவர் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

“பாத்துப் போங்கண்ணே!” என்று பின்னாலிருந்து கத்தினாள் அம்மாக்கண்ணு. “ஒங்க பொஞ்சாதியும் ரெண்டு பொட்டப்புள்ளைங்களும் நல்லாத்தான் இருக்காங்க!”