ஒலிம்பஸ் மலைச் சம்பந்தம்

“கடலுக்குக் கடவுள் ஹேடிஸ்தானே சார்?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்தார். பிறகு அந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

அவர் படித்தவரைக்கும் கடலுக்குக் கடவுள் பொசைடன். ஹேடிஸ் பாதாளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஆனால் எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லையே. “அவருக்கு கிரேக்கப் புராணம்னா உயிருப்பா. அதைப் பத்திப் பேசினா சோறு தண்ணி வேணாம்” என்று சின்ன மகள் சொல்லியிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளத்தான் கேட்டு வந்திருக்கிறார் மருத்துவர்.

பெரிய படிப்பாளியிடம் போய் மூக்கறுபடுவானேன்?

“ஆமா தம்பி. கடல்னாலே ஹேடிஸ்தான்.”

மருத்துவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் இந்தச் சந்திப்புக்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் சுவரில் தொங்கும் எழுத்துகளை முக்கி முனகி வாசித்துக்கொண்டிருக்க, இவர் மேசைக்கடியில் குழந்தைகளுக்கான படப்புத்தகம் ஒன்றை ஒளித்து வைத்து வாசித்தார்.

வாசிக்க வாசிக்கத் தலை சுற்றியது. ஓர் அப்பா பெற்ற பிள்ளைகளையெல்லாம் வரிசையாக விழுங்குகிறார். தப்பித்த பிள்ளை அவரை வாந்தி எடுக்க வைத்து, விழுங்கப்பட்டவர்களை முழுசாக மீட்கிறான். அவனே பிறகு தலைவலி என்கிறான், மண்டையைப் பிளந்தால் உள்ளேயிருந்து வளர்ந்த பெண்ணொருத்தி ஈட்டியோடு குதிக்கிறாள்.

மூன்று கிழவிகள் ஒரே கண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று படித்த அன்றுதான் அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. தலைக்கு இரண்டு கண் என்ற நம்பிக்கையில் கடை நடத்துகிறவர் அவர்.

கூடத்தில் இருவரும் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்கள். தேநீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மருத்துவர்தான் மெல்ல ஆரம்பித்தார்.

“சார், இந்தக் குதிரை மனுசங்க இருக்காங்களே... இடுப்பு வரைக்கும் ஆள், அதுக்குக் கீழ குதிரை. கணக்குப்படி ரெண்டு நெஞ்சுக்கூடு வருது. உடம்புக்கு ஒண்ணுன்னா ஸ்டெதஸ்கோப்பை எங்க வைக்கிறது?”

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது பேச்சு.

“அதை விடுங்க தம்பி. ஒத்தைக் கண் ராட்சசனுக்குக் கண்ணாடி போடணும்னா ஃபிரேம் எதுமேல உக்காரும்? கண்ணு நெத்தி நடுவுல. மூக்கு எங்கயோ கீழ கிடக்கு.”

மருத்துவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து யோசித்தார். கடைக்காரரும் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே ஒருவரையொருவர் பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பரவாயில்லை, பையன் பழக நல்லவன்தான் என்று நினைத்தபடி கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். சமையலறை வாசலுக்குப் போனவரை மனைவியின் குரல் நிறுத்தியது.

“ஏண்டி, இவங்க ரெண்டு பேர்ல யாருக்குடி இந்தப் புராணத்து மேல இவ்ளோ ஆசை?”

“யாருக்கும் இல்லம்மா. அப்பாகிட்ட அவருக்கு உயிருன்னு சொன்னேன். அவர்கிட்ட அப்பாவுக்கு உயிருன்னு சொன்னேன்.”

“எதுக்குடி இந்த வேலை?”

“அப்பாவுக்கு ஒரு விசயம் தெரிஞ்சா விட்டுக்கொடுக்க மாட்டார்மா. தெரியாதது ஒண்ணு வேணும்ல? அக்கா வீட்டுக்காரர், ஃபேன் எந்தப் பக்கமா சுத்துதுங்கிற பேச்சுல எழுந்து போனவர்தானே? இன்னைக்கு வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கல.”

கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது.

அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு பக்கம், மேலேயிருந்து பார்த்தால் மறுபக்கம். வீட்டில் யாரும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டு ஃபேனைப் பார்ப்பதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி விளக்கிக்கூடக் காட்டினார். இப்போதே உள்ளே போய் அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூத்தவள் தனியாகத்தான் வந்து போகிறாள். செருப்பைக்கூட ஓரமாக விடாமல், திரும்பிப் போகத் தோதாக வாசலைப் பார்த்து விட்டுவைக்கிறாள்.

எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாமலேயே கூடத்துக்குத் திரும்பினார்.

மருத்துவருக்கு இப்போது பயம் தெளிந்திருந்தது. சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

“எனக்கு எல்லாரையும்விட ஹெர்குலிஸ்தான் சார் பிடிக்கும். என்ன பலம்! சும்மாவா, ஜீயஸோட தம்பியாச்சே.”

தம்பி இல்லை, மகன்.

இதில் கடைக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. தொட்டிலில் கிடந்தபடி பாம்பின் கழுத்தை நெரிக்கும் குழந்தையின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எதிரே இருப்பவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. ஒரு வார்த்தை போதும், ஆள் மடங்கிவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்று துடித்தது.

சமையலறையில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

“ஆமா மாப்பிள்ளை” என்றார். “கடைக்குட்டித் தம்பி.”

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் கை நழுவி விழுந்தது.