ஆள்மாறாட்டம்

“இன்னொரு தடவை சொல்லு. எங்க குடிச்ச?” என்றார் வக்கீல் சக்கரபாணி.

“செங்கம் ரோட்டுல, புளியமரத்தடி சாராயக் கடை சார்.”

“எத்தனை கிளாஸு?”

“மூணு. இல்ல சார், கடைசி கிளாஸு பாதி கீழ கொட்டிடுச்சு. ரெண்டரைன்னு வச்சுக்குங்க.”

சக்கரபாணி பேனாவை மேஜைமேல் போட்டார். “யோவ் தசரதா! அரை கிளாஸ் கணக்கெல்லாம் எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டாருய்யா. ரெண்டுன்னு முழுசா சொல்லு.”

“சரிங்க சார், ரெண்டு” என்றான் தசரதன் பணிவாக.

முந்தாநாள் பட்டப்பகலில் ரைஸ் மில் முதலாளி அப்பாதுரையின் அம்பாசிடர் கார் நேராகப் போய்த் தேரடி டிராபிக் குடையில் முட்டியிருந்தது. குடைக்குக் கீழே நிற்க வேண்டிய கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் அவர் பிழைத்தார், குடைதான் போயிற்று.

அவர் ஓடிவந்து பார்த்தபோது முதலாளியும் டிரைவர் தசரதனும் ரோட்டில் நின்றார்கள், காருக்குள் சாராய நெடி குப்பென்று அடித்தது. “குடிச்சதும் நான்தான், ஓட்டினதும் நான்தான்” என்று தசரதன் உடனே ஒத்துக்கொண்டுவிட்டான். டாக்டர்கள் எல்லாரும் தீபத் திருவிழா டியூட்டியில் மாட்டிக்கொண்டதால் யார் வாயையும் முகர்ந்து பார்க்க ஆளில்லை.

சக்கரபாணிக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. பெரிய மனுஷன் குடித்துவிட்டு இடித்தால் டிரைவர் கேஸை ஏற்றுக்கொள்வது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வழக்கமா என்ன? இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை அப்பாவிகளை அவரே கூண்டில் ஏற்றியிருக்கிறார்!

பக்கத்து நாற்காலியில் அப்பாதுரை நெளிந்தார். “சார், எனக்கு அந்த வாடையே ஆவாது. வயித்துல அல்சர். மோரைத் தவிர ஒண்ணும் உள்ள எறங்காது.”

“பேஷ்! யாராவது கேட்டா இதையே சொல்லுங்க” என்று கண்ணடித்தார் சக்கரபாணி.

தசரதன் தலையைச் சொறிந்தான். “சார், மொத தடவையா மாட்டியிருக்கேன். லைசென்ஸ் போச்சுன்னா வீட்ல நாலு வயிறு காஞ்சிடும். நான் என்ன சார் பண்றது?”

“நீயா வக்கீல் இல்லாம போய் ஒத்துக்கிட்டா, அபராதமும் போட்டு லைசென்ஸ்லயும் எழுதிடுவாங்க. அதைப் பாத்தா இனிமே எவனும் வேலை குடுக்க மாட்டான். இல்லவே இல்லைன்னு வழக்காடினா, வாய்தா வாய்தான்னு ரெண்டு வருஷம் அலையணும். என்னை வச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டா, மொத தப்புன்னு கெஞ்சி அபராதத்தோட முடிச்சுப் பாக்கலாம். ஆனா புது மாஜிஸ்திரேட்டுக்கு ஆள்மாறாட்டம்னாலே பத்திக்கிட்டு வரும். அங்க வந்து உளறித் தொலைக்காத.”

“நான் எதுக்கு சார் உளறப் போறேன்?”

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூண்டில் ஏறிய தசரதனின் கை வெடவெடவென்று நடுங்கியது. பொய் சொல்லிப் பழகாத கை, பாவம் என்று சக்கரபாணிக்கு மனசு இளகிப்போனது.

“குடிச்சியா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“ஆமாங்கய்யா. ரெண்டு கிளாஸு. முழுசா.”

“நீ ஓட்டறப்போ முதலாளி என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?”

“பின் சீட்ல உக்காந்துக்கிட்டு, ‘மெதுவாப் போடா குடிகார நாயே’ன்னு திட்டிக்கிட்டே வந்தாருங்கய்யா.”

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. “நல்லாத்தான் பாடம் பண்ணி அனுப்பியிருக்காங்க. உன்னை மாதிரி இந்த மாசத்துல மூணு பேரைப் பாத்துட்டேன். பொய் சாட்சிக்கு ஜெயில்தான், தெரியுமா?”

அவ்வளவுதான். சக்கரபாணிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு மனசாட்சி பொங்கியதோ, கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“கனம் கோர்ட்டார் அவர்களே! இவன் என் கட்சிக்காரன். இவனுக்குத் துரோகம் பண்ண என்னால முடியாது. இவன் குடிக்கவுமில்லை, ஓட்டவுமில்லை. முதலாளிக்காகப் பழியைச் சுமக்கிற ஏழை இவன். அந்தக் கையைப் பாருங்கள், எப்படி நடுங்குகிறது!”

“சார், சார்...” என்று தசரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “பயப்படாதய்யா, நான் இருக்கேன்” என்று அதட்டி அடக்கினார் சக்கரபாணி.

மாஜிஸ்திரேட் முகம் மலர்ந்துபோயிற்று. “இப்பத்தான் ஒரு வக்கீல் உண்மையைப் பேசிக் கேக்கறேன். டிரைவருக்கு விடுதலை. இன்ஸ்பெக்டர், அந்த முதலாளியைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேஸ் எழுதுங்க. குடிச்சுட்டு ஓட்டினதுக்கு ஒண்ணு, கோர்ட்டை ஏமாத்தப் பாத்ததுக்கு ஒண்ணு.”

“ஐயோ, மோருங்க! வெறும் மோருங்க!” என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாதுரை அலறினார். அவர் அலறலை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ரெண்டு கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கோர்ட் வராந்தாவில் தசரதன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். சக்கரபாணிக்கோ கண்ணே கலங்கிவிட்டது. அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

“லைசென்ஸ் தப்பிச்சுது, நிம்மதியா வீட்டுக்குப் போய்யா. இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் குடிக்காத மனுஷன் ஒருத்தனைக் காப்பாத்தியிருக்கேன்.”

தசரதன் வாசலில் கிளம்பிய போலீஸ் ஜீப்பைக் காட்டினான்.

“குடிக்காத மனுஷன் அதோ போறாரு சார்!”