மேல்தண்ணி

"வந்துட்டாருய்யா, வானத்துலருந்து கடலைப் பாக்கறவரு!"

காரியத்துக்கு வந்த தமிழ்செல்வனை வாசலிலேயே மறித்தார் செல்லமுத்து. விசைப்படகு வேலைக்குப் போய், கடலில் தவறி விழுந்து செத்துப்போன சின்னுசாமிக்கு அண்ணன். தாயில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அந்த வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?

தமிழ்செல்வனும் சின்னுசாமியின் மலை ஊர்க்காரன்தான். கடல் ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. சேட்டிலைட்டிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, கடலில் மேல்தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன வேகம் என்று பார்த்துச் சொல்வான்.

"ஏன்டா, மேல்தண்ணி போற தெசை தெரியும், அதுல விழுந்தவன் போற தெசை தெரியாதா? மூணு நாள் கழிச்சுப் பொணமாத்தானேடா கரை ஒதுங்கினான்?"

"அவ்வளவு துல்லியமா அது காட்டாதுங்கண்ணா."

"அப்புறம் என்ன மயித்துக்கு அத்தாம்பெரிய மிஷினு? எங்கூட்டுச் சோத்துல கை வெக்காத. போடா!"

பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தமிழ்செல்வன் வாசலில் நின்றபடியே சின்னுசாமியின் படத்தைக் கும்பிட்டுவிட்டு, மனைவியோடு பஸ் ஏறிவிட்டான்.

பஸ் வளைந்து வளைந்து மலை இறங்க, அருணாவுக்கு ஆறவில்லை.

"ஏனுங்க, சின்னுசாமி விழுந்த அன்னிக்குச் சாயங்காலமே அவரு மெதந்து போற எடத்தைச் சொல்லிட்டீங்கதானே? எதுக்கு இந்தப் பேச்சு வாங்கறீங்க?"

"சொன்னேன். தேடற படகும் தயாராத்தான் நின்னுச்சு. காத்து பலமா இருக்கவும், படகுக்காரங்க சின்னுசாமி ஊட்டுக்குப் போன் போட்டு 'அவருக்கு நீச்சல் தெரியுமா'ன்னு கேட்டிருக்காங்க."

"யாரு எடுத்தது?"

"அண்ணன்தான். 'மலையில பொறந்தவனுக்கு ஏதுங்க சாமி நீச்சல்'னுட்டாரு. அப்ப ஆள் உயிரோட இருக்கமாட்டான், காத்து அடங்கினப்புறம் போலாம்னு படகை நிறுத்திட்டாங்க."

"நெசமாவே சின்னுசாமிக்கு நீச்சல் தெரியாதுங்களா?"

"வேலைக்குப் போன எடத்துல கத்துக்கிட்டான். நீந்தற வீடியோ எனக்கு அனுப்பினான். 'அண்ணன்கிட்ட காட்டிராத, பயந்துக்குவாரு'ன்னான். அதை என்கிட்ட யாரும் கேக்கல."

"அப்ப, நீந்தியிருப்பாருங்களா?" அருணா அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்ன எடத்துக்கு நேரா, கரையிலதான் கெடந்தான், அருணா. மணல்ல கொஞ்ச தூரத்துக்கு, தவந்து ஏறின தடம் இருந்துச்சு."