பொருந்தவில்லை

“பொருந்தலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!”

டயாலிசிஸ் வார்டு வாசலில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே சிஸ்டரை மடக்கி நின்றான் தம்பி. உள்ளே மூன்றாவது கட்டிலில் அவன் அண்ணன், கையில் இரண்டு குழாய்களோடு, மெஷினைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“எது பொருந்தலைன்னு?”

“என் கிட்னிதான்.”

போன மாதம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், “அண்ணனுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதுக்கு?” என்று மார்தட்டியவன் அவன். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. ஆபரேஷன் சம்மதப் படிவத்தை நேற்று முழுசாக வாசித்த பிறகுதான் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“வேணாம்னா டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.”

“சொன்னா அண்ணி மூஞ்சில எப்படி முழிக்கிறது? எனக்கும் சின்னச் சின்னதா ரெண்டு பொண்ணுங்க இருக்கு. பயமா இருக்கு சிஸ்டர்.”

வார்டில் அவருக்குக் ‘கறார் சிஸ்டர்’ என்று பெயர். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவரைக்கூட எடை மெஷினில் ஏற்றிப் பிடித்துவிடுவார்.

“ரிப்போர்ட்ல என்ன இருக்கோ, அதைத்தான் நான் வாசிப்பேன்.”

தம்பியின் கண் கலங்கிவிட்டது. சிஸ்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் வெளியூர் போயிருந்ததால், சிஸ்டரே கவரோடு கட்டிலுக்கு வந்தார். தம்பி இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

“தம்பியோட கிட்னி பொருந்தலைங்க.”

அண்ணி அப்படியே சுவரில் சாய்ந்தார். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் மட்டும், “அப்பாடா!” என்று சிரித்தார்.

“என்னங்க அப்பாடா?” அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது.

“பின்னே? ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுறவன் இவன். இவன் வயித்தைக் கிழிச்சுட்டு நான் எப்படி நிம்மதியா தூங்குறது? வேணாம்னா மனசு கஷ்டப்படுவானேன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

தம்பி பக்கம் திரும்பினார். “மூஞ்சியைத் தொங்கப் போடாதேடா, பாக்க சகிக்கலை. குடுக்கிறேன்னு சொன்னியே, அதுலயே எனக்குப் பாதி உடம்பு தேறிடுச்சு. போ, வேலைக்கு நேரமாச்சு பாரு.”

தம்பி பஸ் ஸ்டாப் வரை போனான். இரண்டு பஸ் வந்து போயின, ஏறவில்லை. மூன்றாவதைக் கை காட்டி நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான். கண்டக்டர் திட்டியது காதில் விழவே இல்லை.

சிஸ்டர் தன் அறையில் மருந்து டிரேயை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நேத்து நான் சொன்னதை மறந்துடுங்க சிஸ்டர். கிட்னி குடுக்கிறேன்!” அவனுக்கு மூச்சு வாங்கியது. “பயம் இப்பவும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். உங்க மேல பழி வராது. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்னு டாக்டர்கிட்ட நானே ஒத்துக்கிறேன்.”

சிஸ்டர் டிரேயைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் போட்டார்.

“முதல்ல உட்காருங்க” என்றார் மெதுவாக. “நான் பொய் சொல்லலைங்க.”