திங்கட்கிழமைச் சட்டி

"என் சோத்தைத் தின்னுட்டு எவ கடைக்கு ஆள் அனுப்புறீங்க?"

கரண்டியோடு வந்து நின்றாள் நெய்தி. வில்பெர்த் வாயில் இருந்த சோள ரொட்டியை மெல்லாமலே விழுங்கினார்.

"யாரு, நானா?"

"பின்ன யாரு, என் செத்துப்போன புருஷனா?"

வில்பெர்த்துக்கு செனோட்டே வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. பூமி பிளந்து கிடக்கும் அந்த நீலக் கிணற்றில் ஆசை தீர நீந்திவிட்டு மேலே ஏறி வருகிறவர்கள், ஈரத் தலையோடு அவரிடம்தான் முதலில் கேட்பார்கள்: "ஐயா, பக்கத்துல சாப்பிட எங்க நல்லா இருக்கும்?"

அதனால் அங்கே ஒரு வழக்கம். வாசல்காரருக்கு மதியச் சாப்பாடு இலவசம். எந்தக் கடையில் சாப்பிடுகிறாரோ அந்தக் கடையைக் கை காட்ட வேண்டும்.

இருப்பதே இரண்டு கடை. வலப்பக்கம் நெய்தி, இடப்பக்கம் ரூபி. வில்பெர்த் மூன்று வருஷமாக உட்கார்ந்து வெட்டுவது வலப்பக்கம். கை நீளுவது இடப்பக்கம்!

"இன்னிக்கு என் கண்ணால பாத்தேன்" என்றாள் நெய்தி. "மெரிதா டவுன்லேருந்து ஒரு குடும்பமே வந்துச்சு. 'ரூபி கடைக்குப் போங்க, விரலைச் சப்பிக்கிட்டு வருவீங்க'ன்னீங்க. அந்தம்மா என் கடையைக் காட்டி 'இது?'ன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன சொன்னீங்க?"

"ஞாபகமில்ல தாயி."

"'அது கடையில்ல, வீடு'ன்னீங்க!"

வில்பெர்த் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

"போர்டு வெச்சிருந்தாலாவது கடைன்னு தெரியும். காத்துல விழுந்த போர்டைச் சரி பண்ணித் தர்றேன்னு தூக்கிட்டுப் போனீங்களே, எங்க அது? ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு!"

"பெயின்ட் இன்னும் காயல தாயி."

"அந்த ரூபி உங்களுக்கு என்னதான் குடுக்கிறா?"

"சத்தியமாச் சொல்றேன், அவ எனக்கு ஒண்ணும் குடுக்கிறதில்ல."

"சும்மாவா இப்படி விசுவாசம்? இதுல ராத்திரிக்குன்னு ஒரு தூக்கு நிறைய வேற வாங்கிட்டுப் போறீங்க. வெக்கமா இல்ல?"

வில்பெர்த் அந்தத் தூக்கை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார்.

"போதும்ணே. இந்த வாரத்தோட கடையை மூடுறேன். துணியெல்லாம் மூட்டை கட்டியாச்சு. கான்கூன்ல எங்க அக்கா வேலை பாக்கிற ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போறேன்."

வில்பெர்த்தின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப திங்கக்கிழமை?"

"என்ன திங்கக்கிழமை?"

"பயறு?"

திங்கட்கிழமை என்றால் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கறுப்புப் பயறும் பன்றிக்கறியும்தான். மேலே முள்ளங்கி, கொத்தமல்லி, அபனேரோ மிளகாய். ஆனால் நெய்தி வைக்கிற மாதிரி யாருக்கும் வராது. பக்கத்து மேசையில் லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு விடுகிறவர், ஆட்டோக்காரர் என்று நாலைந்து உள்ளூர் முகங்கள். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வில்பெர்த்தை முறைத்தார்கள்.

"உண்மையைச் சொல்லித் தொலைய்யா" என்றார் ஆட்டோக்காரர். "திங்கக்கிழமைப் பயறுக்கே மோசம் வந்துடும்போல."

வில்பெர்த் தலையைச் சொறிந்தார்.

"தாயி, கோவிச்சுக்காத. உன்கிட்ட இருக்கிறது ஒரு சட்டி. மேல ஏறி வர்ற கூட்டமோ திருவிழாக் கூட்டம். அவனுங்களை இந்தப் பக்கம் விட்டா பன்னெண்டு மணிக்கே சட்டியைச் சுரண்டிடுவானுங்க. அப்புறம் நாங்க எதைத் தின்கிறது?"

அடிக்கிறதா சிரிக்கிறதா என்று நெய்திக்குப் புரியவில்லை. கரண்டியால் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"என் கைக்கு ருசியே இல்லன்னு மூணு வருஷமா அழுதிருக்கேண்ணே. நல்லாயிருக்குன்னு நாலு பேர்கிட்ட சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

ஆட்டோக்காரர் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்தபோது போர்டு பளிச்சென்று தொங்கியது. பெயின்ட் காய்ந்துவிட்டது! நெய்தி ஒன்றுக்கு இரண்டு சட்டி ஏற்றியிருந்தாள். வில்பெர்த் வாசலில் நின்று, மீன் விற்கிறவர் மாதிரி தொண்டை கிழியக் கத்தினார்.

"நெய்தி கடைக்குப் போங்க! வலப்பக்கம்! வலப்பக்கம்!"

ஈரத் துண்டும் சொட்டுகிற தலையுமாகக் கூட்டம் உள்ளே புகுந்தது. உட்கார இடமில்லாதவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சிலர் தட்டை வழித்து நக்கியதை நெய்தியே பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்குப் பசியே மறந்துபோனது. கான்கூன் மூட்டையைப் பிரித்து, அதிலிருந்த பழைய துணியால் மேசை துடைத்தாள்.

வில்பெர்த் கையில் தூக்கோடு வந்து சேர்ந்தபோது இரண்டு சட்டியும் கவிழ்ந்து கிடந்தன.

"தாயி... எனக்குன்னு ஒரு கரண்டி?"

"அய்யோ, காலியாயிடுச்சேண்ணே! ரூபி கடைக்குப் போங்க. விரலைச் சப்பிக்கிட்டு வருவீங்க."

வில்பெர்த்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"அங்க நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லையே தாயி!"

நெய்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையிலிருந்து சேலைத் தலைப்பு மாதிரி ஏப்ரனை இடுப்பில் செருகிக்கொண்டு ரூபி விடுவிடுவென்று வந்தாள். நேராக வில்பெர்த்தின் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"என்னண்ணே இது அநியாயம்? இந்தத் தூக்குல வர்ற நெய்தி சோத்துக்காகத்தானே மூணு வருஷமா உங்க கூட்டத்தையெல்லாம் தாங்கினேன்? கடைசியில என் சமையலை என்னையே தின்ன வெச்சிட்டீங்களே!"