ட்ரிபூனோவின் வாரிசு

நெலிடா இடுப்பிலிருந்த கத்தியை உருவியதும் பண்ணை முதலாளி டான் எவரிஸ்டோ இரண்டடி பின்வாங்கினார். கையிலிருந்த மாத்தே தேநீர்க் குடுவை சாய்ந்து, சுடுதண்ணீர் அவர் பூட்ஸில் கொட்டியது.

கத்தி அவர் பக்கம் வரவில்லை. பெண்குதிரை கலாந்திரியாவின் பின்னங்கால்களைப் பிணைத்திருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள் நெலிடா. அறுத்தவள் பட்டிக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அறுத்தாச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க முதலாளி?"

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பொலிகுதிரை ட்ரிபூனோவை வெளியே கொண்டுவந்து நிறுத்தியாச்சு! சாயங்காலம் வண்டியில ஏத்தி அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோயிடுவாங்க. இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

"போகட்டுமே. யார் அழுதா?"

குட்டி போட்டு ஒரு வாரம் தாண்டியதுமே பெண்குதிரைக்கு மறுபடி பருவம் வந்துவிடும். அந்தச் சூட்டோடு சேர்த்துவிட்டால் அடுத்த குட்டி சீக்கிரம் கிடைக்கும் என்று பண்ணைக்காரர்களுக்கு ஆசை. நல்லபடியாகப் பெற்ற குதிரைக்கு அது சரிதான். கலாந்திரியா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நெலிடா.

"கிழிஞ்ச இடம் இன்னும் ஆறலை, பச்சை ரணம். அந்தக் குதிரை கார்டினாவையும் இப்படித்தான் அவசரப்பட்டுச் சேர்த்தீங்க. ரத்தம் போயே செத்தா. குழி தோண்டினது நான், நீங்க இல்ல."

"அது அதோட விதி."

"உங்க அவசரத்துக்கு விதின்னு பேரா?"

எவரிஸ்டோவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேலிப் பக்கம் கையை நீட்டினார். "வியூடோவே மோந்து பாத்து, பருவம் வந்தாச்சுன்னு காட்டிட்டான். நடுவுல நீ யாரு?"

வியூடோ என்றால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அந்தச் சாம்பல் நிறக் குதிரைக்குப் பண்ணையில் வைத்த கேலிப் பெயர் அது. பெண்குதிரைக்குப் பருவம் வந்ததா என்று பார்க்க முதலில் அவனைத்தான் கொண்டுவருவார்கள். மோந்து பார்க்கலாம், கனைக்கலாம், உதையும் வாங்கலாம். அதற்கப்புறம் மாப்பிள்ளை ட்ரிபூனோ வருவான், பாவப்பட்ட வியூடோ வேலிக்கு வெளியே நிற்பான். இப்போதும் அங்கேதான் நின்றான், முன்பு முறிந்து கம்பி போட்டுக் கட்டிய குறுக்குச் சட்டத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு.

"இந்தக் குட்டியைப் பாருடி!" எவரிஸ்டோவின் குரல் குழைந்தது. "என்ன மார்பு! என்ன கால்! தக்வாரெம்போ ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. எல்லாம் ட்ரிபூனோ ரத்தம். இதே மாதிரி இன்னொண்ணு எனக்கு வேணும்."

குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் தாயைப் போலவே செம்பட்டை, கண்ணைச் சுற்றி மட்டும் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், அது பால் பட்டுக் காய்ந்திருக்கிறது என்று எவரிஸ்டோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடைசியாச் சொல்றேன் நெலிடா. கதவை விட்டு நகரு. இல்ல, இப்பவே மூட்டையைக் கட்டு."

"கட்டிக்கிறேன். இந்தக் கை எங்க போனாலும் சோறு போடும். ஆனா நான் நிக்கிற வரைக்கும் ட்ரிபூனோ இல்ல, அவன் பாட்டனே வந்தாலும் உள்ளே விடமாட்டேன்."

அப்பாடி, என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு! கழுத்துத் துணியை அவிழ்த்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள் அவள். குட்டியை அணைத்துப் பிடித்து அதன் கண்ணோரத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வாங்க, கிட்ட வந்து பாருங்க."

எவரிஸ்டோ குனிந்தார். துணியில் ஒரு கறையும் இல்லை. கண்ணைச் சுற்றியிருந்த சாம்பல் அப்படியே இருந்தது.

"பால் இல்ல முதலாளி, நரைமுடி. குட்டியிலேயே இப்படி நரை விழுந்தா, பெத்ததுல ஒண்ணு சாம்பல் குதிரையா இருக்கணும். இவ செம்பட்டை. உங்க ட்ரிபூனோவும் செம்பட்டை."

எவரிஸ்டோ குட்டியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். வெளியே ட்ரிபூனோ பொறுமையில்லாமல் தரையை உதைத்துக்கொண்டிருந்தான்.

நெலிடா கத்தியை உறையில் செருகினாள்.

"ரணம் ஆறட்டும், அவசரமே இல்ல. குட்டியோட அப்பன் எங்கேயும் போகப் போறதில்ல; அதோ, போன வருஷம் அவன் முறிச்ச வேலியிலேயே தலையை வச்சுக்கிட்டு நிக்கிறான்!"