போனுக்குத் தமிழ்

“ஜன்னலைச் சாத்து மேரி, கொசு வருது” என்றார் ரத்தினம்.

அருள்மேரி ஓடிவந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். “இந்தாங்க, தண்ணிதானே கேட்டீங்க? மெதுவா குடிங்க.”

ரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்க்கட்டளை வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்தே இப்படித்தான். போர்வை கேட்டால் இட்லி வருகிறது. மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஏஞ்சல், போனை அவர் வாயருகே கொண்டுவந்தாள். “அப்பா, இன்னொரு தபா சொல்லுங்க.”

சொன்னார். அவள் ஃபேனைக் காட்டினாள். இல்லை என்று தலையாட்டினார். கட்டிலைக் காட்டினாள். இல்லை. ஜன்னலைக் காட்டியதும் ஆமாம் என்று தலையசைத்தார். போனில் ஏதோ தட்டிக்கொண்டாள்.

“இது எதுக்குடி?” என்றாள் அருள்மேரி.

“இதுக்கு இப்ப எந்த வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாதும்மா. சொல்றதையும் பொருளையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினா, கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கும்.”

ஓ, போனுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாளா! திருமுடிவாக்கம் பட்டறையில் லேத் ஓட்டியே காலம் கழித்தவருக்கு இந்த வாத்தியார் வேலை பிடித்துப்போனது. தினமும் உட்கார்ந்து தலையணை, தட்டு, மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மனைவியைக் காட்டி மேரி என்றார். காலண்டர் படத்தைக் காட்டி சர்ச் என்றார். போன் மக்காகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்மேரி பைபிளோடு கிளம்பினாள்.

“மேரி, சர்ச்சுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ” என்றார் ரத்தினம்.

“மேரி, சர்ச்சுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ” என்றது போன், ஒரு பெண் குரலில்.

அருள்மேரி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். “போலாங்க... கண்டிப்பா போலாம்.”

தான் சொன்னதைத்தானே அதுவும் சொன்னது? இதற்கு ஏன் அழுகை? ரத்தினம் மகளைப் பார்த்தார்.

ஏஞ்சல் தயங்கினாள். “ஸ்ட்ரோக் வந்ததிலேர்ந்து நீங்க பேசறது எங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு நீங்களே கேளுங்கப்பா” என்று, அவர் சற்றுமுன் பேசியதன் பதிவை ஓடவிட்டாள்.

போனிலிருந்து அவருடைய சொந்தக் குரல், நிறுத்தி நிதானமாக வந்தது:

“ஆணி, ரம்பத்துக்கு உப்பையும் நனைச்சுட்டுத் தை.”